ஸ்டார்ட் ஆகும்போது மட்டும்

அக்கா தொலைபேசியில் மெதுவாகப் பேசினாலே ஏதோ வில்லங்கம் என்று பொட்டுக்காரர் புரிந்துகொள்வார். இயல்பில் அக்கா மெதுவாகப் பேசுகிறவர் அல்லர். அவர் பேசத் தொடங்கினால் தம்பி கைபேசியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொள்வதும், அப்படியும் ஒரு சொல் விடாமல் காதில் விழுவதும் வழக்கம். அந்தப் புதன்கிழமை பிற்பகலில் அதே அக்கா காற்றோடு காற்றாகப் பேசினார்.

"டேய், நான் சொல்றத யார்கிட்டயும் சொல்லாத. முக்கியமா உங்க அத்தான்கிட்ட மூச்சு விடாத."

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கேன். வண்டிக்குத்தான் சரியில்ல. காலையில ஸ்டார்ட் பண்றப்ப டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம். நாலு தடவையோ அஞ்சு தடவையோ. அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது."

"எத்தன நாளா?"

"ரெண்டு வாரம் இருக்கும். உன்கிட்ட சொல்லலாம்னா இவர் கூடவே கூடாதுன்னுட்டார். 'மூணு நாள் கடைய மூடி வச்சு செஞ்சு குடுத்தவர்கிட்டப் போய் சத்தம் வருதுன்னு சொன்னா அவர் மனசு என்ன பாடுபடும்'னு ஒரே பாட்டு. இப்ப மாடியில துணி எடுக்கப் போயிருக்கார். செருப்புச் சத்தம் கேக்குது, வச்சுடறேன்."

இணைப்பு அறுந்தது. பொட்டுக்காரர் கையிலிருந்த ஸ்பேனரை மேசைமேல் வைத்தார். வைத்த இடத்தை மறந்து, அதையே பத்து நிமிடம் தேடினார்.

அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்த வழியை இங்கே சொல்லிவிடுவது நல்லது. அவர் ஒரு கார் மெக்கானிக். எந்த நட்டை முடுக்கினாலும், அளவு பார்த்து முடுக்கும் டார்க் ரென்ச் 'டக்' என்று சொன்ன மறுகணமே, தீக்குச்சித் தடிமனில் உள்ள தூரிகையால் அதன் தலையில் ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பார். முடுக்கினேன் என்பதற்கு அதுவே சாட்சி. வண்டி எடுக்க வருகிறவர்கள், "எல்லாத்துக்கும் பொட்டு வச்சு சிங்காரிச்சாச்சா?" என்று கேலி செய்வார்கள். பொட்டுக்காரர் சிரித்துக்கொள்வார். கேலிக்காக ஒரு புள்ளியையும் அவர் விட்டதில்லை.

மூன்று மாதங்களுக்கு முன்பு அத்தானின் காரைத்தான் அவர் முழுவதுமாகப் பிரித்துக் கோர்த்திருந்தார். வயதான கார், புகை கக்கிக்கொண்டிருந்தது. நான்கு பிஸ்டன்கள், அவற்றைத் தாங்கும் நான்கு தண்டுகள். ஒவ்வொரு தண்டின் அடியிலும் ஒரு மூடி. அந்த மூடிதான் சுழலும் கிராங்க் அச்சைத் தழுவிப் பிடித்திருக்கும். மூடிக்கு இரண்டு நட்டு, ஆகமொத்தம் எட்டு. அந்த எட்டில் ஒன்று சரியாக முடுக்கப்படாமல் போனால் முதலில் தட்டும் சத்தம் வரும். பிறகு என்றைக்காவது ஓடுகிற ஓட்டத்தில் நட்டு கழன்று, மூடி விலகி, தண்டு எஞ்சினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அப்படிக் கிழிந்த எஞ்சின் ஒன்றைத் தொழிலுக்கு வந்த புதிதில் அவர் பார்த்திருக்கிறார். அந்த ஓட்டையில் அவருடைய கைமுட்டி நுழைந்தது. அந்தக் காரில் வந்தவர்களைப் பற்றி அவர் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த எட்டு நட்டுகளை முடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அன்று ஒரு கலவரம் நடந்தது. கடை வாசலில் நின்றிருந்த வேறொரு கார், கைபிரேக் நழுவி, சரிவில் தானாக நகர்ந்து எதிர்ச்சாரித் தையற்கடையை நோக்கிப் புறப்பட்டது. பொட்டுக்காரர் போட்டது போட்டபடி ஓடினார். கார் அங்கே சட்டை மாட்டி நிறுத்தியிருந்த ஒரு பொம்மையை இடித்துத் தள்ளியதோடு நின்றது. தையற்காரரோ பெற்ற பிள்ளையையே இடித்துவிட்டதுபோல அரை மணி நேரம் நியாயம் கேட்டார். எல்லாவற்றையும் சமாதானம் செய்து திரும்பியபோது பெயின்ட் புட்டி கவிழ்ந்து தரையெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. தரையைத் துடைத்தார். வேறு புட்டி வாங்கிவந்தார். மீதி நட்டுகளை முடுக்கினார்.

மீதி என்றால் எது முதல்?

மூன்றாவது மூடியின் முதல் நட்டு வரை நன்றாக நினைவிருந்தது. அதற்குப் பிறகு தையற்காரரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவருக்கு இந்தச் சந்தேகம் எழவேயில்லை. எழுந்திருந்தால் மீண்டும் ஒருமுறை முடுக்கிப் பார்த்திருப்பார். அக்காவின் டொக்கு டொக்கு காதில் விழுந்த பிறகே அது எழுந்தது. எழுந்த பிறகு உட்காரவே இல்லை.

வரும் சனிக்கிழமை அத்தானும் அக்காவும் மகளைக் கல்லூரி விடுதியில் சேர்க்க அந்தக் காரில்தான் போகிறார்கள். ஆறு மணி நேரப் பயணம். அதில் பாதி மலைப்பாதை.

வேறு யாராவது வந்து இதே சத்தத்தைச் சொல்லியிருந்தால் பொட்டுக்காரர் நிதானமாக மூன்று கேள்விகள் கேட்டிருப்பார். எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் வருகிறதா, சூடான பிறகும் வருகிறதா, கடைசியாக எண்ணெய் மாற்றியது எப்போது. பதிலைக் கேட்டதுமே பாதி நோய் பிடிபட்டிருக்கும். ஆனால் இந்தக் காரைப் பொறுத்தவரை அவர் மெக்கானிக்காக யோசிக்கவில்லை. தப்பு செய்துவிட்ட தம்பியாக யோசித்தார்.

மாலையில் வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். மனைவி ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவர். சுற்றி வளைத்துப் பேசுவது அவருக்குப் பிடிக்காது.

"இதுக்கு எதுக்கு இப்படி மூஞ்சியத் தொங்கப் போடறீங்க? அத்தானுக்கு போன் போட்டு, வண்டிய அனுப்புங்க, ஒரு சந்தேகம் இருக்குன்னு சொல்லுங்க."

"அக்கா சொன்னது தெரிஞ்சுடுமே."

"தெரிஞ்சா?"

"அத்தான் அக்காகிட்டக் கோவிச்சுக்குவார்."

"அவர் கோவிச்சுக்கிட்டா எப்படி இருக்கும்? 'அம்மா, தயவு செஞ்சு கொஞ்சம் கோவிச்சுக்கலாமா'ன்னு கேட்டுட்டுத்தான் கோவிச்சுக்குவார்." மனைவி கைப்பையை ஆணியில் மாட்டினார். "சரி, வேற வழியில வண்டிய வாங்குங்க. ஆனா ஒண்ணு, பொய் சொல்றதுன்னா கொஞ்சம் யோசிச்சுட்டுப் போங்க. உங்களுக்கு அது கைவராது."

பொட்டுக்காரர் வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் போனார். அத்தான் வாசலிலேயே நின்றிருந்தார். அவர் பள்ளியில் கணக்கு ஆசிரியர். மாணவர்களையே 'நீங்க' என்று அழைக்கிறவர். மனைவியின் தம்பியைக் கேட்க வேண்டுமா!

"வாங்க மாப்ள, வாங்க. உள்ள வாங்க. காத்தாட உக்காருங்க."

"இல்ல அத்தான், ஒரு சின்ன உதவி. ரெண்டு நாளைக்கு உங்க கார் வேணும். என் வண்டி ரிப்பேர்."

அத்தான் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க வண்டியா?"

"ஆமா அத்தான்."

"ரிப்பேரா?"

"ஆமா."

"யார்கிட்ட விட்டிருக்கீங்க?"

பொட்டுக்காரர் இந்தக் கேள்வியை மட்டும் எதிர்பார்க்கவில்லை. "என்கிட்டதான்" என்றார்.

உள்ளேயிருந்து அக்கா இருமும் சத்தம் கேட்டது. அது சளி இருமல் அன்று.

"நேரம் கெடைக்கல அத்தான். அடுத்தவங்க வண்டியப் பாக்கவே சரியா இருக்கு."

"அதானே, உங்களுக்கு எங்க நேரம்! தாராளமா எடுத்துக்குங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தாப் போதும்." சாவியைக் கொடுத்த பிறகும் அத்தானின் விரல் அதை முழுவதுமாக விடவில்லை. "காலையில மட்டும்... கொஞ்சம் பொறுமையா ஸ்டார்ட் பண்ணுங்க."

"ஏன் அத்தான்?"

"ஒண்ணுமில்ல. காலையில எதையுமே பொறுமையாப் பண்றது நல்லதுதானே மாப்ள."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சிரித்துக்கொண்டார்கள்.

காரைக் கடைக்குக் கொண்டுவந்து நிறுத்தி, இரவு முழுவதும் ஆறவிட்டார். அவர் மட்டும் ஆறவில்லை.

வியாழக்கிழமை மனைவிக்குப் பிற்பகல் முறை வேலை. ஆகவே காலை ஆறரை மணிக்கே இருவரும் கடையில் இருந்தார்கள். மனைவி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். பொட்டுக்காரர் முன்மூடியைத் தூக்கிவிட்டு, நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினின் பக்கத்தில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டார்.

"போடு" என்றார்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. அதோடு சத்தமும் வந்தது. டொக், டொக், டொக், டொக், டொக். பூட்டிய கதவை யாரோ விரல் மடக்கித் தட்டுவதுபோல் ஐந்து தட்டு. பிறகு ஓய்ந்தது. எஞ்சின் தையல் இயந்திரம்போல் சீராக ஓடத் தொடங்கியது.

"இதுதானா?" என்றார் மனைவி, சன்னல் வழியே தலையை நீட்டி.

பொட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரைக் காதிலிருந்து எடுத்தார். அவருடைய காதில் அது நேராக மூன்றாவது மூடியிலிருந்து வந்ததுபோலவே பட்டது. உண்மையில் அது எங்கிருந்து வந்திருந்தாலும் அன்றைக்கு அவருக்கு அப்படித்தான் பட்டிருக்கும்.

காரை உயரத்தில் ஏற்றித் தாங்கிகள் கொடுத்து, அடியில் படுத்து எண்ணெயை வடித்தார். தட்டில் இறங்கிய எண்ணெயை மனைவி குனிந்து பார்த்தார். நாள் முழுவதும் கண்ணாடிக் குழாய்களில் இரத்தத்தின் நிறம் பார்க்கும் கண்கள் அவருடையவை.

"இது எத்தன மாசத்து எண்ணெய்?"

"மூணு."

"தேன் மாதிரி இருக்கே. நீங்க வழக்கமா வடிக்கறது மை மாதிரி இருக்குமே?"

"ம்" என்றார் பொட்டுக்காரர். அவர் காந்தத் துண்டு ஒன்றை எண்ணெயில் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். இரும்புப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது என்று பொருள். காந்தம் சுத்தமாக வெளியே வந்தது. அதை அவர் நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளவில்லை. பொடி வடிகட்டியில் போய் மாட்டியிருக்கும் என்று தமக்குத் தாமே கெட்ட சேதி சொல்லிக்கொண்டார்.

எஞ்சினின் அடித்தொட்டியைக் கழற்ற ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இருபது போல்ட்டுகள், எல்லாவற்றிலும் பொட்டு இருந்தது. தொட்டி கையோடு வந்ததும் விளக்கை உள்ளே நீட்டினார்.

முதல் மூடி: இரண்டு பொட்டு. இரண்டாவது மூடி: இரண்டு பொட்டு. நான்காவதைத்தான் அடுத்துப் பார்த்தார். மூன்றாவதைப் பார்க்கத் துணிவு வரவில்லை. நான்காவதிலும் இரண்டு பொட்டு. பிறகு விளக்கை மெல்ல நகர்த்தினார்.

மூன்றாவது மூடியின் முதல் நட்டில் பொட்டு இருந்தது. இரண்டாவது நட்டில் இல்லை.

எண்ணெய் படிந்து மறைத்திருக்குமோ என்று துணியால் துடைத்தார். இரும்புதான் பளபளத்தது. நகத்தால் சுரண்டினார். வெள்ளை என்பதன் சாயல்கூட இல்லை.

"என்ன, இருக்கா?" என்று வெளியே இருந்து மனைவி கேட்டார்.

"ஒண்ணுல இல்ல."

மனைவி குனிந்து காருக்கடியில் எட்டிப் பார்த்தார். பிறகு, "பொட்டு இல்லன்னா முடுக்கலன்னு அர்த்தமா?" என்றார்.

"இருபத்திரெண்டு வருஷமா அதான் அர்த்தம்."

"அந்த ரென்ச்சப் போட்டுப் பாருங்களேன். இதோ." மனைவி டார்க் ரென்ச்சை உள்ளே தள்ளினார். பொட்டுக்காரர் அதில் அளவைத் திருகி வைத்தார். விரல்கள் வழுக்கின, எண்ணெயா வியர்வையா என்று தெரியவில்லை. நட்டு முடுக்கப்படாமல் இருந்தால் ரென்ச் சுழலும், எவ்வளவு சுழல்கிறதோ அவ்வளவு தப்பு. முடுக்கியிருந்தால் அசையாமலே சத்தம் கொடுக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

டக்.

நட்டு மயிரிழைகூட நகரவில்லை.

நம்பாமல் மறுபடி இழுத்தார். டக். மூன்றாவது முறையும் டக். மற்ற ஏழு நட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். ஏழும் டக் டக்கென்று பதில் சொல்லின. அன்றைக்கு நட்டை முடுக்கிய கை தூரிகையை எடுக்கப் போன நொடியில்தான் கார் நகர்ந்திருக்க வேண்டும். கை தன் வேலையை முடித்துவிட்டிருந்தது. பொட்டு மட்டும்தான் தையற்காரரிடம் போய்விட்டது.

பொட்டுக்காரர் காருக்கடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்து, தரையிலேயே கால் நீட்டி உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின.

"அழறீங்களா, சிரிக்கறீங்களா?" என்றார் மனைவி.

"தெரியல."

"மூஞ்சியெல்லாம் எண்ணெய். எனக்கும் தெரியல." மனைவி பழைய துணி ஒன்றை எடுத்து அவருடைய முகத்தைத் துடைத்துவிட்டார். அந்தத் துணி முகத்தைவிட அழுக்காக இருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

சற்று நேரம் கழித்து மனைவியே கேட்டார். "அதெல்லாம் சரி. அப்ப டொக்கு டொக்கு எங்கேருந்து வருது?"

நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியதும் பொட்டுக்காரருக்குள் இருந்த மெக்கானிக் கண் விழித்தார். காலையில் மட்டும், ஐந்தே தட்டு, பிறகு இல்லை. தண்டு தட்டினால் சூடான பிறகல்லவா அதிகமாகத் தட்டும்? இது எண்ணெய் மேலே போய்ச் சேர நேரமாவதால் வரும் சத்தம். எண்ணெய் வரும்வரை மேலே வால்வுகளைத் தள்ளும் டாப்பெட்டுகள் வறண்டு தட்டுகின்றன, வந்ததும் அடங்கிவிடுகின்றன. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும் ஆகியிருந்தன.

"நீ என்னமோ சொன்னியே, எண்ணெய் தேன் மாதிரின்னு."

"இப்பத்தான் காதுல விழுந்துச்சா?"

"கிலோமீட்டர் எவ்வளவு ஓடியிருக்குன்னு பாரு."

மனைவி எட்டிப் பார்த்துப் படித்தார். எஞ்சினைப் புதுப்பித்த பிறகு இரண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஆயிரம் ஓடியதும் எண்ணெய் மாற்ற வர வேண்டும் என்று அவர் அத்தானிடம் சொல்லியிருந்தார். அத்தான் வரவில்லை, வற்புறுத்துவது மரியாதையாக இராது என்று இவரும் விட்டுவிட்டார்.

எஞ்சினுக்குப் பின்புறம், கண்ணுக்குத் தெரியாத இடுக்கில்தான் அந்தக் காரின் எண்ணெய் வடிகட்டி இருக்கிறது. கையை விட்டுத் தடவித்தான் கழற்ற வேண்டும். பொட்டுக்காரர் கையை விட்டார். விட்டவுடனே விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. அவர் மாட்டிய வடிகட்டி ஒல்லியாக நீண்டிருக்கும். இது குட்டையாக, தொப்பை வைத்துக்கொண்டிருந்தது.

"இது என்னுது இல்ல" என்றார்.

வடிகட்டி அங்கே பக்கவாட்டில் படுத்திருப்பதால், கழற்றும்போது அதிலுள்ள எண்ணெய் முழங்கை வரை வழியும். அதற்காக ஒரு துணியை அண்டைக்கொடுத்துக்கொண்டு திருகினார். இரண்டு சொட்டுதான் விழுந்தது. நல்ல வடிகட்டிக்குள் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். எஞ்சின் நின்ற பிறகு எண்ணெயைக் கீழே இறங்கவிடாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. சுண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். வளையம் நகம்போல் இறுகி, ஒரு பக்கம் சுருண்டு கிடந்தது. இரவெல்லாம் எண்ணெய் கீழே இறங்கிவிட, காலையில் அது மீண்டும் மேலேறும்வரை ஐந்து தட்டு.

"இவ்வளவுதான்" என்று அவர் மனைவியிடம் நீட்டினார்.

"உங்க அத்தான் வேற கடைக்குப் போயிருக்கார்" என்றார் மனைவி.

"ம்."

"ஓட்டல்ல சாப்பிட்டுட்டு வீட்டுக்கு வந்து பசியில்லன்னு சொல்ற ஆளு மாதிரி."

பொட்டுக்காரருக்குச் சற்று வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் அந்த வலி, நேற்றிலிருந்து சுமந்ததோடு ஒப்பிட்டால், எறும்பு கடித்த மாதிரி. அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கினார். சந்தேகத்துக்கு இடமின்றி மூன்றாவது மூடியைக் கழற்றிப் பேரிங்கைப் பார்த்தார். கீறல் ஒன்றும் இல்லை. திரும்ப மாட்டி, முடுக்கி, விட்டுப்போன பொட்டையும் வைத்தார். தொட்டியைப் பூட்டினார். சரியான வடிகட்டி ஒன்றில் எண்ணெயை நிரப்பி மாட்டினார். எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் ஒன்றையும் குழாய் போட்டுத் தொங்கவிட்டார். இரவு ஆகிவிட்டது.

"இப்பவே போட்டுப் பாக்கலாமே" என்றார் வேலை முடித்துத் திரும்பிய மனைவி.

"ஒரு தடவை ஓடவிட்டுட்டேன், எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகணும்ல. இனிமே ராத்திரி முழுக்க ஆறணும். இந்தச் சத்தத்துக்கு ஒரு நாளைக்கு ஒரே சான்ஸ்தான். காலையில மொத தடவை."

வெள்ளிக்கிழமை காலை மீண்டும் அதே ஆறரை மணி. மனைவி சாவியில் கை வைத்தார். பொட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்து, கண்ணைக் கேஜில் வைத்து, கையைத் தூக்கினார்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. கேஜின் முள் துள்ளி எழுந்தது. பொட்டுக்காரர் காத்திருந்தார். ஐந்து தட்டுக்கான நேரம் கடந்தது. பத்துக்கான நேரமும் கடந்தது. எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் காதிலிருந்து கைப்பிடியை எடுக்கவேயில்லை.

மனைவி சன்னல் வழியே தலையை நீட்டினார். "ஏங்க, நான் ஸ்டார்ட் பண்ணிட்டேனா இல்லையா? ஒரு சத்தத்தையும் காணோம்!"

அந்தக் கேள்வியைவிட இனிமையான ஒன்றைப் பொட்டுக்காரர் அண்மையில் கேட்டதில்லை.

காரைத் திருப்பிக் கொடுக்கப் புறப்படும்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. "பேசாம குடுத்துட்டு வந்துடறேன். சத்தம் போயிடுச்சுல்ல. அவரையும் சங்கடப்படுத்த வேணாம், அக்காவையும் மாட்டிவிட வேணாம்."

"நல்லாருக்கு! அடுத்த தடவை எண்ணெய் மாத்த அவர் எங்க போவார்?"

"என்கிட்ட..." என்று பொட்டுக்காரர் இழுத்தார்.

"அதே கடைக்குத்தான். அதே தொப்பை வடிகட்டி. மறுபடி டொக்கு டொக்கு. மறுபடி உங்க வண்டி ரிப்பேர்." மனைவி பழைய வடிகட்டியை ஒரு பையில் போட்டு அவருடைய கையில் மாட்டினார். "இத அவர் முன்னால வைங்க. வாய் வரலன்னா அதுவே பேசும்."

அத்தான் வீட்டுக் கூடத்தில் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. விடுதிக்குப் போகும் மகள் கடைக்குப் போயிருந்தாள். அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் கதவோரம் நின்றார்.

"உங்க வண்டி சரியாயிடுச்சா மாப்ள?" என்றார் அத்தான்.

பொட்டுக்காரர் பையை முன்னால் வைத்தார். வாய் வந்துவிட்டது. "என் வண்டி ரிப்பேரே ஆகல அத்தான். உங்க வண்டியப் பாக்கத்தான் பொய் சொன்னேன். சத்தம் வருதுன்னு தெரிஞ்சுது."

அத்தான் மனைவியைப் பார்த்தார். அக்கா உத்தரத்தைப் பார்த்தார்.

"என்னை அப்படிப் பாக்காதீங்க. தம்பிக்குக் காது நீளம், அங்கேருந்தே கேட்டிருப்பான்" என்றார் அக்கா.

"நான் முடுக்கின நட்டு ஒண்ணு லூஸா விட்டுப்போச்சோன்னு பயந்துட்டேன் அத்தான். நாளைக்கு நீங்க மூணு பேரும் மலையேறணும். நேத்து எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துட்டேன். நட்டெல்லாம் சரியாத்தான் இருக்கு. கோளாறு இது." வடிகட்டியை வெளியே எடுத்து வைத்தார்.

அத்தானின் முகம், தப்பாக எழுதிய தம் விடைத்தாளைத் தம்மிடமே திருத்தக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது.

"மன்னிச்சுக்குங்க மாப்ள. நீங்க ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் வீட்ல இருக்கீங்க. அதையும் கெடுக்கணுமான்னு... வேற ஒரு இடத்துல மாத்திட்டேன். நீங்க பாத்துடக் கூடாதேன்னு வண்டிய நாலு தெரு சுத்தி ஓட்டிட்டுப் போனேன். அங்க சுவத்தப் பாத்து நிறுத்தச் சொன்னேன். ஏன் சார்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?" என்றார் அக்கா.

"வெயில் ஆகாதுன்னேன்."

அக்காவுக்கு அடக்க முடியவில்லை. பழைய குரலில், தெருமுனை வரை கேட்கும்படி சிரித்தார். "இவர் உனக்கு சங்கடம் வேணாம்னு மறைக்கறார், நீ இவருக்கு சங்கடம் வேணாம்னு மறைக்கற. நடுவுல அந்த எஞ்சின் தலையில அடிச்சுக்கிட்டு டொக்கு டொக்குன்னு கத்துது!"

பொட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "இருந்தாலும் அத்தான், ஒரு நட்டுல பொட்டு விட்டுப் போச்சு. அது உண்மைதான். என் கைமேல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

அத்தான் தேநீரைக் கீழே வைத்தார். "வந்த சந்தேகத்த வச்சுக்கிட்டு சும்மாவா இருந்தீங்க? மறுபடி எல்லாத்தையும் போட்டுப் பாத்தீங்கல்ல. என் கிளாஸ்ல விடைய ரெண்டாவது தடவை சரி பாக்கறவங்க மொத்தமே மூணு பேர் மாப்ள. அவங்க பரிட்சைல எனக்குக் கவலையே கிடையாது. நாளைக்குக் கண்ண மூடிக்கிட்டு மலையேறுவேன்."

"கண்ணத் தொறந்தே ஓட்டுங்க" என்றார் அக்கா.

இந்தச் சிரிப்பு அடங்கியபோது அத்தான் எதையோ சொல்ல வந்து, விழுங்கி, மறுபடி வந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

"இனிமே மறைக்கக் கூடாதுன்னு ஆயிடுச்சுல்ல. அப்ப... தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க அத்தான்."

"மூணு மாசமா அப்பப்பக் குறிச்சு வச்சது. சின்னச் சின்ன விஷயம்தான்." தாளைப் பிரித்தார். அழகான கையெழுத்தில், வரிசை எண் போட்டு, பதினொன்று இருந்தன. "ஒண்ணு, பின் கதவு கண்ணாடி பாதியில நின்னுக்குது. ரெண்டு, வைப்பர் மழை வந்தா மட்டும் வேலை செய்யல..."

"மழை வந்தாத்தானே அத்தான் வைப்பர் வேணும்!"

"அதான் மாப்ள, சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன்."

பொட்டுக்காரர் எழுந்து வாசலுக்கு நடந்தார். வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். கருவிப்பெட்டி காரின் பின்புறத்திலேயே இருந்தது. அவர் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொள்ள, அத்தான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கூச்சம் தெளிந்த குரலில், ஒவ்வொன்றாக உரக்கப் படித்துக்கொண்டே வந்தார். ஆறாவதைப் படித்தார். அடுத்து எட்டாவதுக்குத் தாவினார்.

"ஏழு என்ன அத்தான்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அது ஸ்டார்ட் பண்றப்ப வர்ற சத்தம்" என்றார் அத்தான், பேனாவின் மூடியைக் கழற்றியபடி. "அத அடிச்சுட்டேன். நீங்க எட்டப் பாருங்க."